கரீபியன் கனவு... குரங்கணி கணக்கு!

மக்களே... 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' பார்த்துட்டு ஹாஸ்டல் மொட்டை மாடியில உட்கார்ந்து, 'மச்சி, லைஃப்ல ஒரு தடவையாவது அந்தத் தீவுக்குப் போயிடணும்டா!' என்று சபதம் போடாத செட் எந்த காலேஜிலாவது உண்டா? நீலத் தண்ணி, வெள்ளை மணல், ரெண்டு தென்னை மரத்துக்கு நடுவே ஒரு தூளி... வால்பேப்பர் வைக்கிற வரைக்கும் எல்லாம் ஓசி. அதுக்கப்புறம்தான் இருக்கு கச்சேரி!

சும்மா கணக்குப் போட்டுப் பார்ப்போமே. பார்படாஸ், ஜமைக்கா மாதிரி தீவுகளுக்குச் சுற்றுலா போக இந்திய பாஸ்போர்ட் இருந்தால் போதும், முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை. உடனே பெட்டியைத் தூக்காதீங்க பாஸ்! சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. எங்காவது இறங்கி மாறணும். அமெரிக்கா வழியாகப் போனால், அந்த ஏர்போர்ட்டில் ஃப்ளைட் மாறுவதற்கே தனியாக விசா. ஆக, பாதி லீவு வானத்திலேயே காலி. டிக்கெட் காசைக் கேட்டால் வீட்டில் அப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு நம்மை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு எந்த எம்பஸியும் விசா தராது!

அதனால 'சின்ன ட்ரிப், சிம்பிள் ட்ரிப்' என்ற ஐடியாவை அப்படியே வெச்சுக்குவோம். ஊரை மட்டும் மாத்துவோம். தேனி மாவட்டம், போடிநாயக்கனூர்!

சிரிக்காதீங்க. ஜமைக்காவின் உயரமான சிகரமான 'புளூ மவுன்டன்' 7,402 அடி. போடிக்கு மேற்கே, எல்லை தாண்டினதும் இருக்கிற மீசைப்புலிமலை 8,600 அடிக்கும் மேலே. ரெண்டையும் பக்கத்துல நிறுத்தினா யாரு அண்ணாந்து பார்க்கணும்னு நீங்களே சொல்லுங்க. இன்னொரு சொந்தமும் இருக்கு. ஏலக்காய் ஏற்றுமதியில் உலகத்தின் பெரிய தலை நம்ம ஊர் இல்லை, குவாத்தமாலா. மத்திய அமெரிக்காவில், ஒரு பக்கம் கரீபியன் கடலைத் தொட்டுக்கிட்டு இருக்கிற குட்டி நாடு. நம்ம பக்கத்து மலைச் செடி 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போய் வேர் பிடிச்சது. இன்னிக்கு அங்கே விளைச்சல் கூடினால் போடி ஏலத்தில் விலை இறங்குகிறது. அங்கே மழை பொய்த்தால் இங்கே ஏறுகிறது. நாம கரீபியனுக்குப் போகலைன்னாலும், அந்தப் பக்கத்துக் காத்து தினமும் போடியில் அடிச்சுக்கிட்டுதான் இருக்கு.

சரி, பிளானுக்கு வருவோம். ரெண்டு நாள், ஒரு வீக் எண்ட். இதில் எதை வேண்டுமானாலும் லூசில் விடலாம்; சாப்பாடு, தங்கும் இடம், போட்டோ எடுக்கிற ஆளு, எல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம். லூசில் விடக்கூடாத விஷயம் ரெண்டே ரெண்டு. எந்த மாசம் போறோம், எந்தப் பாதைக்கு அனுமதி வாங்கியிருக்கோம். இது ஏன்னு கொஞ்சம் பின்னாடி சொல்றேன்.

முதலில் ரயில். மதுரை - போடி ரயில் பாதை 1928-ல் வந்தது. மீட்டர் கேஜ். அதை அகலப் பாதையாக மாற்றுகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். திரும்ப ரயில் தேனி வரைக்கும் வந்தது 2022 மே மாசம். போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. நடுவில் 12 வருஷத்துக்கு மேலே! ஒரு பையன் ஒண்ணாம் கிளாஸ் சேர்ந்து பிளஸ் டூ முடிக்கிற காலம். அந்த ஊரில் நம்ம வயசுப் பசங்க நிறைய பேர் தங்கள் ஸ்டேஷனில் ரயிலைப் பார்த்ததே காலேஜ் வயசில்தான் என்றால் பார்த்துக்குங்க.

இப்போ சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு வாரத்தில் மூணு நாள் எக்ஸ்பிரஸ். வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறினால் சனிக்கிழமை காலையில் போடி. ஞாயிறு ராத்திரி அங்கே ஏறினால் திங்கள் காலை சென்ட்ரல். நமக்காகவே டைம்டேபிள் போட்ட மாதிரி இல்லை? மதுரைப் பக்கத்து ஆளுங்களுக்கு இன்னும் சுலபம், காலையில் மதுரையிலிருந்து கிளம்பி மாலையில் திரும்பி வரும் ரயில் தினமும் இருக்கு. ரயில் நேரங்கள் மாறும், அதனால கிளம்பும் முன் ஒரு தடவை செக் பண்ணிக்குங்க. டிக்கெட் கிடைக்கலையா? தேனி வரைக்கும் பஸ், அங்கிருந்து போடி 15 கிலோமீட்டர்தான்.

சனிக்கிழமை. குளிச்சு, இட்லியை முடிச்சுட்டு போடிமெட்டு பஸ்ஸைப் பிடிங்க. ஊரைத் தாண்டி முந்தல் வரைக்கும் சமதரை. அங்கிருந்து மலை. 17 கொண்டை ஊசி வளைவு! ஜன்னல் சீட் கிடைச்சவன் கொடுத்து வெச்சவன், ஆனா வயிறு வீக்கான ஆளை அந்த சீட்டில் உட்கார வைக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது. கொச்சியிலிருந்து தொண்டி வரைக்கும் போகிற தேசிய நெடுஞ்சாலை 85-ன் ஒரு துண்டு இது. உச்சியில் போடிமெட்டு, சுமார் 4,500 அடி. மேலே போகப் போக 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்று பிசிக்ஸில் படிச்சோமே, அதை ஸ்வெட்டர் இல்லாமல் போனால் பிராக்டிகலா புரிஞ்சுக்கலாம். மழைக்காலத்தில் இந்த ரோட்டில் பாறையும் மண்ணும் சரிந்து போக்குவரத்தை நிறுத்துவது வழக்கம். அடைமழை நாட்களில் போடிக்காரங்ககிட்ட 'மேலே ரோடு திறந்திருக்கா?' என்று ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கிளம்புங்க.

போடிமெட்டில் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் நீங்க மாநிலம் மாறிடலாம். 1956-ல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு போனது. ஆனா மலைக்கு அந்தப் பக்கம் தோட்ட வேலைக்கு இந்தப் பக்கத்து ஆளுங்க போவது நிற்கவில்லை. விடியறதுக்கு முன்னாடியே போடியிலிருந்தும் சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்தும் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் ஏலத் தோட்டங்களுக்குக் கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் அதே ஜீப்புகள் வரிசையாக இறங்கும். பைக்கில் போகிற பசங்களுக்கு ஒரு வேண்டுகோள்: வளைவில் நின்னு செல்ஃபி எடுக்கிற நேரம் அதுவாக இருக்க வேண்டாமே! நமக்கு அது வியூ பாயின்ட், அவங்களுக்கு அது தினசரி ஆபீஸ் போகிற ரோடு.

போடிமெட்டைத் தாண்டி பூப்பாறை பக்கம் போனால் ரெண்டு பக்கமும் ஏலக்காடு. 'மரத்தில் எங்கேப்பா காயையே காணோம்?' என்று அண்ணாந்து தேடினால் நீங்களும் நம்ம செட்தான். ஏலக்காய் மேலே காய்க்காது. ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து நிற்கிற செடியின் அடியில், மண்ணை ஒட்டிப் படர்கிற சரத்தில்தான் காய் இருக்கும். பெரிய மரங்களின் நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், ஆனா தண்ணி தேங்கக் கூடாது. மகா செல்லக் குழந்தை! எல்லாக் காயும் ஒரே நேரத்தில் முற்றாது. அதனால் ஆடி, ஆவணி வாக்கில் தொடங்கி தை மாசம் வரைக்கும், அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வந்து, குனிந்து, முற்றின காயை மட்டும் விரலால் பார்த்துப் பறிக்க வேண்டும். அந்த வேலைக்கு இதுவரைக்கும் உருப்படியான மெஷின் வரவில்லை. இன்ஜினீயரிங் படிக்கிற நாலு பேர் இதைக் கவனிச்சால் ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேறும்.

பறித்த பச்சைக் காயை ஒரு முழு நாளுக்கு அனல் அறையில் காய வைப்பார்கள். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் காய்தான் 1 கிலோ காய்ந்த காயாகும். வெயிலில் போட்டால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் விலையும் போச்சு. அப்புறம் சல்லடையில் சலித்து, கையால் பொறுக்கி, அளவு வாரியாகப் பிரிக்கிறார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேலே என்றால் ராஜ மரியாதை. இந்தக் காய்தான் போடிக்கும் கேரளத்தின் புத்தடிக்கும் வந்து, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் கம்ப்யூட்டர் முன்னாடி கைமாறுகிறது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதுக்கு முந்தின வருஷம் கேரள வெள்ளத்தில் தோட்டங்கள் அடி வாங்கி, அப்புறம் மழையும் சரியில்லாமல் போனதன் விளைவு. பாயசத்தில் ஏலக்காயை ஒதுக்கி வைக்கிற மகாராஜாக்கள் கவனிக்கவும்!

தோட்டங்கள் எல்லாம் தனியாருடையவை. வாசலில் நின்று கேட்டு, சரி என்றால் மட்டும் உள்ளே. கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். ராத்திரி போடிக்கே இறங்கிடுங்க. ஏன்னா ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கு.

குரங்கணி. போடியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். கொட்டகுடி ஆற்றை ஒட்டிப் போகிற ரோடு, மலையடியில் போய் முட்டி நிற்கிற ஊர். அமைதின்னா அப்படி ஒரு அமைதி. நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த இடத்தைப் பார்த்திருந்தால் நம்ம மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் முழுக்க இங்கேயே டேரா போட்டிருக்கும். மூணாறு தேயிலையைக் கடலுக்குக் கொண்டு போக வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் ஒரு குறுக்குவழி பிடித்தார்கள். மூணாறிலிருந்து குண்டளை வழியாக மலை விளிம்பு வரைக்கும் 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி ஓட விட்டார்கள். இழுத்தது மாடு! 1908-ல் அதையே 2 அடி அகலக் குட்டி ரயிலாக மாற்றினார்கள். விளிம்பில் இருந்த ஸ்டேஷன்தான் 'டாப் ஸ்டேஷன்'. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டே நேராகக் கீழே, கொட்டகுடிக்கு. அது 'பாட்டம் ஸ்டேஷன்'. நடுவில் ஒரு இடம், பேரு 'சென்ட்ரல்'. அங்கிருந்து போடி வழியாகத் தூத்துக்குடி, அப்புறம் கப்பல். 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை மொத்தமாக அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி கட்டவே இல்லை. ஆனா பாருங்க, ரயிலே இல்லாத ஊருக்கு இன்னிக்கும் பேரு டாப் ஸ்டேஷன்!

இந்தக் கதையையும் அழகையும் கேட்டுதான் சுற்றுலாப் பயணிகளும் மலையேறுகிறவர்களும் வர ஆரம்பித்தார்கள். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, அப்படித்தான் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த ரெண்டு குழுக்கள் இந்த மலையில் இருந்தன. பெரும்பாலும் இளைஞர்கள், அதிலும் பெண்கள் அதிகம். வீக் எண்ட் ட்ரிப்தான். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பணும். கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வரும்போது, காய்ந்த புல்லில் பிடித்த தீ சரிவு முழுக்கப் பரவியது. சுற்றி வளைத்துக்கொண்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். பல பேர் அன்றைக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் நாட்கணக்கில் போராடிய பிறகு.

தீ எரிந்துகொண்டிருந்தபோதே மேலே ஏறிப் போனவர்கள் குரங்கணி ஊர்க்காரர்கள். போர்வையில் கட்டி, தோளில் தூக்கி, இருட்டில் அந்தச் சரிவில் இறக்கிக் கொண்டு வந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் அனுமதி, கொழுக்குமலைப் பாதைக்கு இல்லை என்று அரசுத் தரப்பு பிறகு சொன்னது. யார் மேல் எவ்வளவு தப்பு என்று ஒரு விசாரணையே நடந்தது. அதைத் தீர்ப்பு சொல்கிற இடத்தில் நான் இல்லை. வந்தவர்களில் பல பேருக்கு, தாங்கள் நடக்கிற பாதையின் அனுமதிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரிந்திருக்குமா என்பதுதான் எனக்கு இருக்கிற கேள்வி. யாரோ ஒருத்தர் ஏற்பாடு பண்ணுவார், நாம காசு கொடுத்துட்டுப் பின்னாடி போவோம். நம்ம இண்டஸ்ட்ரியல் விசிட்டே அப்படித்தானே நடக்குது?

ஏன் மார்ச்? இது கொஞ்சம் கிளாஸ் மாதிரி இருக்கும், பொறுத்துக்குங்க. தென்மேற்குப் பருவமழை மேற்கேயிருந்து வந்து கேரளப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் மலையைத் தாண்டும். போடிப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். இந்தப் பக்கத்துக்குப் பெரிய நம்பிக்கை ஐப்பசி, கார்த்திகை மழைதான். அந்த மழையில் புல் ஆள் மறைகிற அளவுக்கு வளரும். தை பிறந்ததும் காய ஆரம்பிக்கும். மாசி, பங்குனியில் மொத்தச் சரிவும் வைக்கோல் போர். இதில் தீ விழுந்தால்? சமதரையில் தீ மெதுவாகப் போகும். சரிவில் மேல்நோக்கிப் போகும்போது ஜுவாலை தனக்கு முன்னாடி இருக்கிற புல்லைச் சூடாக்கிக்கொண்டே போகும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் சுமார் ரெண்டு மடங்கு என்பது தீயணைப்புக்காரர்களின் தோராயக் கணக்கு. 30 டிகிரி சரிவு என்றால் எட்டு மடங்கு! மனுஷன் மேலே ஏறும்போது வேகம் குறையும். தீக்கு அதே இடத்தில் கூடும். அந்த ரேஸில் ஓடி ஜெயிக்க முடியாது. பகலில் காற்றும் பெரும்பாலும் அடிவாரத்திலிருந்து உச்சிக்குத்தான் வீசும். பாலியஸ்டர் டிராக் பேன்ட் அனலில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பருத்தி அப்படி உருகாது. இதெல்லாம் பிளான் போடுகிற நோட்டில் இருக்க வேண்டிய விஷயம். மலையில் போய் யோசிக்கிற விஷயம் இல்லை.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் 2018-லேயே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி, மாநிலம் முழுக்க 40 பாதைகளை அறிவித்தது. ஆன்லைனில் பேர் பதிஞ்சு, பணம் கட்டி, அனுமதி வாங்கிட்டுப் போகலாம். கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி வருவார்; மலைவாழ் மக்களும் காட்டோர கிராமத்து இளைஞர்களும்தான் அந்த வழிகாட்டிகள். அந்த 40-ல் ஒண்ணு குரங்கணி - சாம்பலாறு. நம்ம ஞாயிற்றுக்கிழமை அதுதான்! தீ பிடிக்கிற காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2025-ல் பிப்ரவரி 15-லிருந்து ஏப்ரல் 15 வரைக்கும் மூடினார்கள். 'நமக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் இருக்கார், சைடு வழியா கூட்டிட்டுப் போவார்' என்று செட்டில் எவனாவது ஆரம்பிச்சால், அவனுக்கு ஒரு பரோட்டா வாங்கிக் கொடுத்து வாயை அடைச்சிடுங்க.

என்னைக் கேட்டால், நவம்பர் செமஸ்டர் முடிஞ்சு அடுத்தது தொடங்குறதுக்குள்ளே வருகிற அந்த டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் வாரம்தான் பெஸ்ட். மழை ஓய்ந்து, புல் பச்சையாக இருக்கும், ஆற்றில் தண்ணி இருக்கும், மேலே ஏலக்காய்ப் பறிப்பும் நடந்துகொண்டிருக்கும். நடக்கிற தேதியை முதலில் பதிவு செய்யுங்க, அப்புறம் ரயில் டிக்கெட். நம்ம ஆளுங்க இதைத் தலைகீழாகச் செய்வாங்க. டிக்கெட் போட்டாச்சேன்னு எப்படியாவது மலை ஏறிடணும்னு தோணும். அந்த 'எப்படியாவது'தான் வில்லன்!

பை? சின்னதா ஒண்ணு. ரெண்டு லிட்டர் தண்ணி, பருத்திச் சட்டை, பிடிமானம் இருக்கிற ஷூ, டார்ச், மழைக்கோட்டு, கொஞ்சம் உப்பு (ஈரமான இடத்தில் அட்டைப்பூச்சி அன்பு காட்டும்). தீப்பெட்டி, லைட்டர் மலைக்குக் கீழேயே நிற்கட்டும். அது யாருக்குத் தேவைப்படும்னு உங்களுக்கே தெரியும். மலை மறைவில் செல்போன் டவர் கிடைக்காமல் போகலாம். எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று ஒரு தாளில் எழுதி, ஒண்ணை லாட்ஜிலும் ஒண்ணை வீட்டிலும் கொடுத்துட்டுப் போங்க. வீட்டில் 'கம்பைன் ஸ்டடி'ன்னு சொல்லிட்டு வர்ற பார்ட்டிங்களுக்கு இங்கே இடம் இல்லை, சாரி! ஆற்றில் ஆழம் தெரியாமல் குதிக்கிற ஹீரோக்களுக்கும்தான்.

மதியம் போல இறங்கி, போடிக்கு வந்து சேர்ந்தால் ராத்திரி ரயிலுக்கு நிறைய நேரம் இருக்கும். கடைத்தெருவில் ஏலக்காய் வாங்கலாம். கால் கிலோ வாங்க வசதி இல்லைன்னா 50 கிராம் போதும், அம்மாவுக்கு அது தங்கம். கண்ணைப் பறிக்கிற பச்சையைப் பார்த்து ஏமாறாதீங்க, சாயம் ஏற்றுகிற ஆளும் உண்டு. ஒரு காயை உரித்து உள்ளே விதை கறுப்பாக இருக்கா, மோந்தால் மூக்கு திறக்குதான்னு பாருங்க. போடி இலவம்பஞ்சுக்கும் பேர் போன ஊர். ஹாஸ்டல் தலையணையை ஒரு கட்டையாகவே நினைச்சுப் பழகினவங்க, ஒண்ணு வாங்கி ரயிலிலேயே தலைக்கு வெச்சுக்கலாம்.

திங்கட்கிழமை காலை சென்ட்ரல். முதல் ஹவரே லேப் என்றால், ரெக்கார்டு நோட்டைப் பையிலேயே எடுத்துட்டுப் போயிடுங்க.